அசெம்பிளியில் முதல் கணக்கு: 3-உம் 4-உம் சேர்ந்து ‘ஜி’ ஆனது. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாகப் பைத்தானில் நிரல் எழுதுகிறேன். கணினி உள்ளே உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, போன மாதம் பிராசசரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழியான எக்ஸ்86 அசெம்பிளியைத் தொட்டேன். லினக்ஸும், அசெம்பிளி வரிகளை இயந்திரத்துக்கான எண்களாக மாற்றும் நாஸ்மும்தான் கருவிகள். முதல் வேலையாக ஒன்றாம் வகுப்புக் கணக்கையே எடுத்துக்கொண்டேன்: விசைப்பலகையிலிருந்து இரண்டு எண்களை வாங்க வேண்டும், கூட்ட வேண்டும், திரையில் காட்ட வேண்டும்.

3 தட்டினேன், 4 தட்டினேன். திரையில் ‘ஜி’ என்ற ஆங்கிலச் சின்ன எழுத்து வந்து நின்றது.

கூட்டல் வரியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் ‘ஆட் ஏஎல், பிஎல்’ என்ற ஒரே வரியில் தப்பு நடக்க எங்கே இடம்? சரி என்று டிபக்கரைத் திறந்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினேன். பிராசசருக்குள் எண்ணை வைக்கும் சின்ன இடமான ஏஎல் ரெஜிஸ்டரில் 3 இல்லை, 51 இருந்தது. பிஎல்லில் 52. அப்போதுதான் உறைத்தது, விசைப்பலகை எனக்குத் தருவது எண் அல்ல, எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் ‘0’ என்ற எழுத்துக்கு 48. அங்கிருந்து எண்ணிக்கொண்டே போனால் ‘3’ என்பது 51, ‘4’ என்பது 52. இரண்டும் சேர்ந்தால் 103, அதுதான் ‘ஜி’. கூட்டல் சரியாகவே நடந்திருக்கிறது. எதைக் கூட்டச் சொல்கிறேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

வாங்கியதும் 48-ஐக் கழித்து, காட்டும்முன் 48-ஐக் கூட்டினேன். 7 வந்தது. அந்த ஒற்றை இலக்கத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இதுவரை எழுதிய எந்த நிரலிலும் வந்ததில்லை.

அடுத்து 8-உம் 5-உம். வந்தது சமக்குறி. 13-உடன் 48 சேர்ந்தால் 61, அட்டவணையில் அது சமக்குறியின் இடம். இரண்டு இலக்கம் வேண்டுமானால் விடையைத் திரும்பத் திரும்ப 10-ஆல் வகுத்து மீதிகளை எடுக்க வேண்டும். மீதிகள் கடைசி இலக்கத்திலிருந்து முன்னால் வருவதால், ஒவ்வொன்றையும் ஸ்டாக்கில் (கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும் அடுக்கு) தள்ளி வைத்து முடிவில் எடுத்துக் காட்டினால் வரிசை நேராகிவிடும். இதுவரை புரிந்தது. விடையை ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரிலும் 10-ஐ ஈபிஎக்ஸிலும் வைத்து, வகுக்கச் சொல்லும் ‘டிவ் ஈபிஎக்ஸ்’ போட்டு, ஈடிஎக்ஸில் வரும் மீதியோடு 48 கூட்டி, ஸ்டாக்கில் தள்ளி, ஈவு 0 ஆகும்வரை மறுபடி மேலே போகிற மாதிரி எழுதினேன்.

விடை 7 என்றால் அழகாகக் காட்டுகிறது. 13 என்றால் நிரல் செத்துப்போய் ‘ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்’, அதாவது தசம எண் பிழை, என்கிறது. என் நிரலில் தசம எண்ணே கிடையாது! டிவ் வரிக்கு முன்னால் ஈடிஎக்ஸைச் சுழியாக்கும் ‘எக்ஸார் ஈடிஎக்ஸ், ஈடிஎக்ஸ்’ என்ற வரியை ஒரு மாதிரி நிரலில் பார்த்து, அப்படியே போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் ஒற்றை இலக்கத்தில் ஏன் பிழைத்தது, இரட்டையில் ஏன் செத்தது என்று தெரியாமல் மேலே போக மனம் வரவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

*

எனக்கும் இதே இடம்தான். ஆனால் நான் பெருக்கல் வழியாக இங்கே வந்து சேர்ந்தேன்.

16 பிட்டில், அதாவது 0 முதல் 65535 வரை மட்டுமே கொள்ளும் ரெஜிஸ்டர்களில், 300-ஐ 300-ஆல் பெருக்கினேன். 90000 வர வேண்டும், ஏஎக்ஸில் 24464 இருந்தது. அரை நாள் குழம்பிய பிறகு 90000-லிருந்து 65536-ஐக் கழித்துப் பார்த்தேன். சரியாக 24464! காணாமல் போன 65536 எங்கேயும் போகவில்லை, டிஎக்ஸில் 1 என்று உட்கார்ந்திருந்தது. இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்கினால் விடை 32 பிட் வரை வளரும். அதனால் மேல்பாதி டிஎக்ஸுக்கும் கீழ்பாதி ஏஎக்ஸுக்கும் போகிறது.

வகுத்தல் இதே பாதையில் திரும்பி வருவது. 32 பிட்டில் ‘டிவ் ஈபிஎக்ஸ்’ என்றால் ஈஏஎக்ஸை மட்டும் வகுப்பதில்லை. ஈடிஎக்ஸை மேல்பாதியாகவும் ஈஏஎக்ஸைக் கீழ்பாதியாகவும் ஒட்டவைத்த 64 பிட் எண்ணை வகுக்கிறது. ஈவு ஈஏஎக்ஸில், மீதி ஈடிஎக்ஸில்.

இப்போது உங்கள் நிரலைக் காகிதத்தில் ஓட்டிப் பார்ப்போம். முதல் சுற்றில் ஈடிஎக்ஸ் தற்செயலாக 0. 13-ஐ 10-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 3. அந்த 3-உடன் அங்கேயே 48 கூட்டுகிறீர்கள், ஈடிஎக்ஸ் 51 ஆகிறது. விடை 7 என்றால் ஈவு 0, சுற்று அங்கேயே முடிந்துவிடும், பிழைத்தீர்கள். 13-க்கு இரண்டாம் சுற்று உண்டு. அதில் மேல்பாதி 51, கீழ்பாதி 1. அவ்வளவு பெரிய எண்ணை 10-ஆல் வகுத்தால் ஈவு 32 பிட்டில் அடங்காது. மேல்பாதி வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தாலே ஈவு அடங்காது, அப்போது பிராசசர் வகுத்தல் பிழை என்று கையை விரித்துவிடும். பூஜ்ஜியத்தால் வகுத்தாலும் அதே பிழைதான். லினக்ஸ் இதைத் தெரிவிக்கப் பயன்படுத்தும் சிக்னலின் பெயரில்தான் ‘ஃப்ளோட்டிங் பாயின்ட்’ இருக்கிறது. முழு எண் வகுத்தலுக்கும் அதே சிக்னல்தான் வரும். தசமத்தைத் தேடி அலைய வேண்டாம்.

*

நான் கற்றது 8085-இல். 1976-இல் வந்த 8 பிட் சிப். கூட்டவும் கழிக்கவும் கட்டளை உண்டு, பெருக்கவும் வகுக்கவும் கிடையாது. ஆய்வகத்தில் ஒரு கிட் தருவார்கள். அதில் ஹெக்ஸ் (9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை போகும் பதினாறடி எண்முறை) விசைகளும் சிவப்பு எண் விளக்குகளும்தான் இருக்கும். அசெம்பிளரும் நாமே. ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எண்ணை அட்டவணையில் பார்த்துக் கையால் தட்ட வேண்டும்.

5-ஐயும் 7-ஐயும் கூட்டும் என் முதல் நிரல் இன்னும் விரல்களில் இருக்கிறது: 3ஈ 05, 06 07, 80, 32 50 80, 76. ஏ ரெஜிஸ்டரில் 5, பி-யில் 7, கூட்டு, விடையை 8050 என்ற நினைவக முகவரியில் வை, நில். அந்த 50 80 என்ற இடத்தைக் கவனியுங்கள். முகவரியின் கீழ்பாதி முதலில் வர வேண்டும். நான் படிக்கிற வரிசையிலேயே 80 50 என்று தட்டினேன். விடை 5080-க்குப் போய்விட்டது. 8050-ஐத் திறந்து பார்த்தால் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஓர் எண். கூட்டலே நடக்கவில்லை என்று நினைத்து மூன்று முறை முதலிலிருந்து தட்டினேன்.

அடுத்த வாரம் பெருக்கல். 7 பெருக்கல் 6 என்றால் 7-ஐ ஆறு முறை கூட்ட வேண்டியதுதான். சி ரெஜிஸ்டரில் 6 வைத்து, ஒவ்வொரு முறை கூட்டியதும் ஒன்று குறைத்து, பூஜ்ஜியம் ஆகாதவரை திரும்பிப் போ என்று எழுதினேன். 002ஏ வந்தது, அதாவது 42. ஆசிரியர் அருகில் வந்து, “இப்போ 7-ஐ 0-ஆல் பெருக்கிக் காட்டுப்பா” என்றார். விளக்கில் 0700!

அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன், ஏனென்றால் நானே கண்டுபிடித்தேன். என் நிரல் முதலில் கூட்டுகிறது, பிறகு குறைக்கிறது. 0-விலிருந்து 1 போனால் 8 பிட்டில் 255. அது பூஜ்ஜியம் இல்லையே, எனவே சுற்று தொடர்கிறது. மொத்தம் 256 முறை. 7 தடவை 256 என்றால் 1792, ஹெக்ஸில் 0700. இதில் இன்னொன்று, விடையை 16 பிட்டில் சேர்க்காமல் 8 பிட்டிலேயே சேர்த்திருந்தால் 00 என்று சரியான விடை தெரிந்திருக்கும், தப்பு உள்ளேயே ஒளிந்திருக்கும்.

27-உம் 15-உம் கூட்டினால் 3சி வருகிறதே என்று தவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தசமமாக நினைத்து ஹெக்ஸில் தட்டியிருக்கிறீர்கள். கூட்டலுக்கு அடுத்து ‘டிஏஏ’ என்ற கட்டளையைப் போடுங்கள். சி என்பது 9-ஐத் தாண்டியதால் அது 6-ஐச் சேர்த்து 42 ஆக்கிக் கொடுக்கும்.

*

என்னுடையது சின்ன அனுபவம். 8086 என்ற 16 பிட் பிராசசரில் 64 பிட் எண்கள் இரண்டை, நான்கு 16 பிட் துண்டுகளாக வைத்துக் கூட்டினேன். ஒவ்வொரு துண்டுக்கும் ‘ஏடிசி’, அது முந்தைய துண்டின் கேரியையும் (அங்கே அடங்காமல் மேலே போகும் 1) சேர்த்துக்கொள்ளும். அடுத்த துண்டுக்கு நகர, முகவரி இருக்கும் எஸ்ஐ ரெஜிஸ்டரில் 1 கூட்டும் ‘இங்க் எஸ்ஐ’ இரண்டு முறை இருந்தது. ஒரே வரியாக இருக்கட்டுமே என்று ‘ஆட் எஸ்ஐ, 2’ என்று மாற்றினேன். சின்ன எண்களுக்கு எல்லாம் சரி. 65535-உடன் 1 கூட்டினால் விடை 0.

கேரி உண்டா இல்லையா என்று பிராசசர் குறித்து வைக்கும் கேரி ஃபிளாகை ‘இங்க்’ தொடாது, ‘ஆட்’ அதை மாற்றி எழுதிவிடும். முகவரியை நகர்த்தும்போதே கைவசம் இருந்த கேரியை அழித்திருக்கிறேன். எந்தக் கட்டளை எந்த ஃபிளாகைத் தொடும் என்ற அட்டவணையை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

*

டிவ்வுக்கு முன்னால் ஈடிஎக்ஸைச் சுழியாக்கும் வரியை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துவிடாதீர்கள். நான் செய்தேன், குறை எண்ணில் மாட்டினேன்.

ஈஏஎக்ஸில் -7, ஈபிஎக்ஸில் 2. ஈடிஎக்ஸைச் சுழியாக்கிவிட்டு, குறை எண்களையும் வகுக்கும் ‘ஐடிவ்’ போட்டேன். ஈவு 2147483644, மீதி 1. நிரல் சாகக்கூட இல்லை, நிதானமாக இந்த எண்ணைக் கொடுத்தது. 32 பிட்டில் -7 என்பதும் 4294967289 என்பதும் ஒரே பிட் வரிசை. மேல்பாதியில் சுழி வைத்ததால் அது மிகை எண் என்று நானே சொல்லிவிட்டேன். குறை எண் என்றால் மேல்பாதி முழுக்க 1-களாக நிரம்ப வேண்டும். ‘சிடிக்யூ’ அதைத்தான் செய்கிறது. போட்டதும் ஈவு -3, மீதி -1.

இங்கே பைத்தான் நண்பருக்கு ஒன்று. பைத்தானில் -7-ஐ இரட்டைச் சாய்கோட்டால் 2-ஆல் வகுத்தால் -4 வரும். ஐடிவ் சுழியை நோக்கி வெட்டும், பைத்தான் கீழ்நோக்கி இறங்கும். இரண்டையும் ஒப்பிட்டுச் சோதிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

என் கேள்விக்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த 51-ஐ டிபக்கரில் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். சொன்னபடி ஈடிஎக்ஸில் 51, ஈஏஎக்ஸில் 1, அடுத்த வரியில் விழுந்தது.

நேற்று ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) எழுதினேன். 12 வரை சிக்கலில்லை, 479001600. 13-க்கு ஈஏஎக்ஸில் 1932053504 வந்தது. முன்பென்றால் குழம்பியிருப்பேன். நேரே ஈடிஎக்ஸைப் பார்த்தேன், 1 இருந்தது. இரண்டும் சேர்ந்தால் 6227020800, சரியான விடை.

இதைத் திரையில் காட்ட, ஓட்டும்முன் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். மேல்பாதி 1, வகுக்கும் எண் 10. 1 சின்னது, ஆகவே ஈவு அடங்கும். அப்படியானால் முதல் சுற்றில் ஈடிஎக்ஸைச் சுழியாக்கவே கூடாது, இரண்டாம் சுற்றிலிருந்துதான் ஆக்க வேண்டும். அப்படியே எழுதி ஓட்டினேன். பத்து இலக்கமும் வரிசையாக வந்தன.

14-க்கு மேல்பாதியில் 20 வரும். அது 10-ஐவிடப் பெரியது, விழுந்துவிடும் என்று ஓட்டாமலே தெரிகிறது. மேல்பாதியை முதலில் 10-ஆல் வகுத்து, அதன் மீதியை ஈடிஎக்ஸிலேயே விட்டுவைத்துக் கீழ்பாதியை வகுத்தால் வழி கிடைக்கும் என்று நினைக்கிறேன். பள்ளியில் நீள்வகுத்தல் போட்ட மாதிரியேதான். இன்று இரவு அதுதான் வேலை.