நாற்காலி போனால் போனதுதான்: நீங்கள் நேரில் கேட்ட ஸ்பானியப் பழமொழிகள்

புத்தகத்தில் படித்தது வேண்டாம். யார் சொல்லி, எந்தச் சமயத்தில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

மாட்ரிட்டில் எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பார். மதியம் இரண்டு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. காபி வாங்க எழுந்து போய்த் திரும்பினால், என் நாற்காலியில் கூட வேலை பார்ப்பவர் உட்கார்ந்திருக்கிறார். "கியென் ஃபுவே அ செவியா..." என்று இழுத்தார். மேசையில் இருந்த அத்தனை பேரும் "பெர்தியோ சு சியா!" என்று முடித்தார்கள். செவியா என்ற தெற்கு ஸ்பெயின் நகரத்துக்குப் போனவன் நாற்காலியை இழந்தான். சும்மா விளையாட்டு, எழுந்துவிடுவார் என்று பார்த்தால் ஆசாமி அசையவே இல்லை. அதைச் சொல்லிவிட்டாலே இடம் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

அங்கே பழமொழியை முழுசாகச் சொல்பவர்கள் குறைவு. பாதியில் நிறுத்திவிடுவார்கள், மீதி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆபீசை வேறு ஊருக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியபோது ஒருவர் "குவாந்தோ எல் ரியோ சுவேனா..." என்றார். ஆறு சத்தம் போட்டால்... அவ்வளவுதான், மானிட்டர் பக்கம் திரும்பிவிட்டார். 'அதில் தண்ணீர் ஓடுகிறது' என்பது மீதி. நெருப்பில்லாமல் புகையுமா என்று நாம் கேட்பதுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மே மாதம் 40-ஆம் தேதி. மே கடைசியில் வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரையெல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, "மே 40 வரைக்கும் மேலங்கியைக் கழற்றாதே" என்றார். மே 31-க்கு மேல் ஒன்பது நாள் கூட்டுங்கள், ஜூன் 9. மாட்ரிட் சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பகலில் சுட்டாலும் ஜூன் தொடக்கத்தில் சில இரவுகள் குளிர் திரும்பி வந்து நிற்கும். அந்தப் பழமொழிக்கு ஒரு வாலும் உண்டு: மறுபடி மழை வந்தால் மறுபடி போட்டுக்கொள்.

*

சிலியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சாந்தியாகோவில் செவியா எல்லாம் கிடையாது. மெலிபியாவுக்குப் போனவன்தான் நாற்காலியை இழப்பான். தென்மேற்கே இருக்கும் ஊர், பஸ்ஸிலேயே போய்விடலாம். நாற்காலியைப் பறிகொடுக்க ஸ்பெயின் வரை எதற்குப் போக வேண்டும்? எனக்கு இதைச் சொன்னது பக்கத்து வீட்டுப் பொடியன், சோபாவில் என் இடத்தைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் அந்த ஆறு. இங்கே அது தண்ணீரை அல்ல, கற்களைக் கொண்டுவரும். ஆண்டீஸ் மலையிலிருந்து சேறும் கல்லுமாக இறங்கி ஊருக்குள் ஓடும் மபோச்சோவைப் பார்த்தவன் என்ற முறையில், என் ஓட்டு கற்களுக்கு.

*

வலென்சியாவில் எலக்ட்ரீஷியன் நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. அவர் மனைவி, "கொல்லன் வீட்டில்..." என்று அவரைப் பார்த்தார். "மரக்கத்தி" என்று அவரே தலையைக் குனிந்துகொண்டு முடித்தார். வாத்தியார் பிள்ளை மக்கு கதைதான். விளக்கு இன்னும் எரியவில்லையாம்.

*

மெக்சிகோவில் 'லா வியா'வுக்குப் போனாலே நாற்காலி காலி. அந்தப் பெயரைக் கேட்டால் மெக்சிகோ சிட்டிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குவாதலூப்பே மாதா பேராலயம். சாமி கும்பிடப் போனவன் இடத்தையும் விடமாட்டார்கள் போல.

நான் அதிகம் கேட்டது இறால் பழமொழி. தெருச் சந்தையில் மாம்பழத்தைக் கையில் எடுத்து, வைத்து, விலை கேட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்த பாட்டி அந்தக் குவியலையே பையில் கொட்டிக்கொண்டார். கடைக்காரர் சிரித்தபடி, "தூங்கும் இறாலை..." என்றார். "நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும்" என்று பாட்டியே முடித்துவிட்டு நடையைக் கட்டினார்.

*

ஸ்பானியம் சொல்லிக்கொடுக்கிறேன். நாற்காலிக் கதையைக் கேட்டாலே வகுப்பு விழித்துக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன். நான்காம் என்ரிக்கே இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்தியா அரசை ஆண்ட காலம், 1454 முதல் 1474 வரை. அலோன்சோ தெ ஃபொன்செக்கா என்பவர் செவியாவின் பேராயர். அதே பெயர் கொண்ட அவருடைய மருமகனுக்கு (சகோதரி மகன்) சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராயர் பதவி கிடைத்தது. ஆனால் அந்த ஊர் இருக்கும் வடமேற்கு ஸ்பெயினின் கலீசியா பகுதியில் ஒரே கலவரம். சரி, நீ கொஞ்ச நாள் என் இடத்தைப் பார்த்துக்கொள், நான் போய் அடக்கிவிட்டு வருகிறேன் என்று மாமா கிளம்பினார். வேலையை முடித்துவிட்டுத் திரும்பினால் மருமகன் எழ மறுக்கிறார்! போப்பும் அரசரும் தலையிட்ட பிறகுதான் பதவி திரும்பக் கிடைத்தது.

ஆக, நாற்காலியை இழந்தவர் செவியாவுக்குப் போனவர் அல்ல, செவியாவை விட்டுப் போனவர். பழமொழியும் முதலில் அப்படித்தான் இருந்தது என்பார்கள். இன்று ஸ்பெயினில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. போய்த் திரும்பி வந்தவன் பிடுங்கிக்கொண்டான் என்கிற மாதிரி எதிர்ப்பாட்டும் பிள்ளைகளிடம் உண்டு. மாட்ரிட் நண்பர் அதை முயன்று பார்க்கலாம்.