வட சென்னைக் குற்றம்: மெர்ட்டனா, ஷா–மெக்கேயா?

கொருக்குப்பேட்டை மாணவி

வணக்கம். எம்.ஏ. சமூகவியல் ஆய்வேடு. தலைப்பு: 'வட சென்னை இளைஞர் குற்றம்: மெர்ட்டனின் நெறியின்மைக் கோட்பாட்டின் வழி'. புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு மூன்றிலும் தலா 20 பேரிடம் கேள்வித்தாள், கூடவே என்சிஆர்பி (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) புள்ளிவிவரம். "ஏன் மெர்ட்டன்? ஏன் ஷா–மெக்கே இல்லை?" என்று வழிகாட்டி கேட்கிறார். இரண்டையும் சேர்த்துப் போடலாமா? போலீஸ் ஸ்டேஷன் வாரியாகக் குற்ற எண்ணிக்கை எங்கே கிடைக்கும்? சமர்ப்பிக்க நான்கு மாதம் இருக்கிறது.

பேசின் பிரிட்ஜ்

கோட்பாட்டை ஓரமா வைங்க. எந்த வித்தியாசத்தை விளக்கப் போறீங்கன்னு முதல்ல ஒரே வரியில எழுதுங்க. ஒரு பேட்டையில அதிகம், இன்னொண்ணுல கம்மி, ஏன்? அது ஷா–மெக்கே, வட்டாரத்தை வைச்சுக் குற்றத்தை விளக்கினவங்க. ஒரே தெருவுல ஒருத்தன் கேஸ்ல மாட்டுறான், எதிர்வீட்டுப் பையன் பாலிடெக்னிக் போறான், ஏன்? அது சதர்லாண்டும் (தப்பைக் கூட இருக்கிறவங்ககிட்டக் கத்துக்கிறாங்க) ஹிர்ஷியும் (குடும்பம், பள்ளியோட பிணைப்பு தளர்ந்தா தப்பு). ஒரே மாதிரி அடிதடிதான், ஒரு இடத்துல எஃப்ஐஆர், இன்னொரு இடத்துல சமாதானம், ஏன்? அது பெக்கரோட முத்திரைக் கோட்பாடு: யார் மேல குற்றவாளின்னு முத்திரை விழுதுங்கறதுதான் கேள்வி. மெர்ட்டன் 1938ல கேட்டது இது எதுவும் இல்ல. காசு, அந்தஸ்துன்னு எல்லாருக்கும் ஒரே இலக்கைக் காட்டிட்டு, அதுக்குப் போற வழியை மட்டும் சிலருக்கு அடைச்சா என்ன ஆகும்னு கேட்டார்.

உங்க திட்டத்துல பெரிய ஓட்டை இதுதான்: மூணு இடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வழி அடைபட்ட இடம். ஒப்பிட ஆளே இல்ல. அதுலயும் கேஸ் இருக்கிறவங்களை மட்டும் பிடிச்சுப் பேசினா, கேஸ் இல்லாதவங்களுக்கும் அதே வறுமைதானேன்னு வைவாவுல (வாய்மொழித் தேர்வு) ஒரே கேள்வியில மடக்கிடுவாங்க. பாதிப் பேராவது அதே தெருவுல கேஸ் இல்லாதவங்களா இருக்கணும்.

மெர்ட்டன்தான் வேணும்னா இடைவெளியை அளக்கணும். "எந்த வேலைக்குப் போக ஆசை?", "உண்மையில எது கிடைக்கும்னு நினைக்கிறீங்க?" இரண்டும் தனித்தனிக் கேள்வி, நடுவுல வேற பத்து கேள்வி போயிருக்கணும், இல்லேன்னா முதல் பதிலையே திருப்பிச் சொல்லுவாங்க. ஹிர்ஷி 1969ல கலிபோர்னியா மாணவர்கள்கிட்ட பார்த்தப்போ பெரிய ஆசை உள்ள பையன்கள்தான் குறைவா தப்பு செஞ்சிருந்தாங்க, மெர்ட்டன் எதிர்பார்த்ததுக்கு நேர் எதிரா. அதைத் தாண்டிப் பதில் சொல்லத் தயாரா இருங்க.

பி அண்ட் சி மில் (வட சென்னையோட பெரிய துணி ஆலை) மூடினதை எல்லா ஆய்வேட்டுலயும் காரணமா எழுதுறாங்க. மில் மூடினது 1996. இன்னிக்கு 22 வயசுக்காரன் அப்போ பொறக்கவே இல்ல. அப்பா, தாத்தா வழியா அந்த இழப்பு எப்படி இவன்கிட்ட வந்து சேர்ந்ததுன்னு காட்டினாத்தான் அது காரணம்.

ராயபுரம் கல்மண்டபம்

ஷா–மெக்கே பக்கம் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 1942இல் அவர்கள் சிகாகோவில் பார்த்தது, குடியேறிகள் வந்து சில வருடத்தில் காலி செய்துவிட்டுப் போகும் வட்டாரங்களை. வறுமை, கலப்பு, ஓயாத இடப்பெயர்வு மூன்றும் சேர்ந்து அக்கம்பக்கக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது என்பது வாதம். காசிமேட்டில் மூன்று நான்கு தலைமுறையாக அதே குடும்பங்கள், ஊர்ப் பஞ்சாயத்து வேறு. அவர்கள் சொல்லும் 'சீர்குலைவு' என்ற சொல் அங்கே ஒட்டாது. 1943இல் சமூகவியலாளர் வைட், பாஸ்டன் இத்தாலியர் பேட்டையைப் பார்த்துவிட்டு இதைத்தான் சொன்னார்: அங்கே ஒழுங்கமைப்பு இருக்கிறது, வெளியே இருப்பவர்கள் எதிர்பார்க்கும் அமைப்பாக இல்லை, அவ்வளவுதான். இடப்பெயர்வை உண்மையாகச் சோதிக்க வேண்டுமானால் இங்கிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களைப் பாருங்கள்.

எண்ணிக்கை விஷயம். என்சிஆர்பி மாநகர அளவோடு நின்றுவிடும், ஸ்டேஷன் வாரி கிடையாது. ஒரு எஃப்ஐஆரில் பல குற்றம் இருந்தால் பெரியது ஒன்றைத்தான் எண்ணுவார்கள். அதனால் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்கள்: 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு, இன்றே அனுப்புங்கள். நான்கு ஸ்டேஷன், மூன்று வருடம், குற்றத் தலைப்பு வாரியாக எண் மட்டும். பெயரோ வழக்கு விவரமோ கேட்டால் விசாரணை பாதிக்கும் என்று மறுத்துவிடுவார்கள். பிரிவு எண்ணோடு குற்றத்தின் பெயரையும் எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் ஐபிசிக்குப் பதில் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா); கொலைக்கு ஐபிசி 302 மட்டும் கேட்டால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காணாமல் போகும்.

வந்த எண்ணை அப்படியே 'குற்ற அளவு' என்று எழுதாதீர்கள். '75 கேஸ்' என்பது (நகரக் காவல் சட்டம் 1888, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை) ரோந்து எவ்வளவு போனது என்பதைக் காட்டும் எண். மதுவிலக்கு வழக்கும் அப்படியே. கொலையும் வண்டித் திருட்டும் ஓரளவு நம்பலாம். திருடுபோன வண்டிக்கு இன்ஷூரன்ஸ் பணம் வாங்க எஃப்ஐஆர் வேண்டும், ஆகவே புகார் வந்துவிடும். விகிதம் போட மக்கள்தொகை தேடுவீர்கள்: 2011 கணக்கெடுப்பு பழைய 155 வார்டு எல்லையில் இருக்கிறது, மாநகராட்சி இப்போது 200 வார்டு, ஸ்டேஷன் எல்லை இரண்டோடும் ஒட்டாது. விகிதமே வேண்டாம் என்பேன்.

கொருக்குப்பேட்டை மாணவி

நன்றி சார். அக்கம்பக்கக் கட்டுப்பாட்டை அளக்க, சிகாகோவில் அதை ஆய்ந்த சாம்ப்சன் குழுவின் கேள்விகளை அப்படியே தமிழில் போடலாமா?

ராயபுரம் கல்மண்டபம்

அப்படியே போட்டால் சொதப்பும். அவர்களுடைய 1997 ஆய்வில் 343 வட்டாரம், 8,782 பேர். வட்டாரத்துக்குச் சராசரி 25 பேர். உங்கள் 20 எண்ணிக்கையில் அதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் மூன்றே வட்டாரத்தை வைத்துக்கொண்டு வட்டாரத்துக்கு வட்டாரம் தொடர்பு எடுக்க முடியாது. விவரணையாக மட்டும் எழுதுங்கள்.

'பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா?' இது இங்கேயும் சரிவரும். 'சுவரில் பெயின்ட் அடித்தால்' வேலைக்காகாது; கட்சி விளம்பரம் எழுதாத சுவர் எது? பொதுக்குழாய் அடியில் குடத்தகராறு முற்றினால் யாராவது போய் விலக்குவார்களா என்று மாற்றுங்கள். 'தீயணைப்பு நிலையத்தை மூடினால்' என்பதற்குப் பதில் ரேஷன் கடையை வேறிடம் மாற்றினால். பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்க்காமல் இறக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை

யாரும் சொல்லாத ஒன்று: நேர்காணலில் நடந்து முடிந்த, தீர்ப்பு வந்த வழக்கை மட்டும் கேளுங்க. ஆய்வாளருக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பிஎன்எஸ்எஸ் (குற்ற நடைமுறைச் சட்டம்) 94இல் சம்மன் வந்தால் நோட்டை நீட்டித்தான் ஆகணும். பெயர், தெரு எதுவும் நோட்டில் ஏறக்கூடாது. 18 வயசுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 74 அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்குது.

முத்திரைக் கோட்பாட்டுக்கு முன்பின் வரிசை முக்கியம். முதல் கேஸ் எந்த வருஷம், ஹிஸ்டரி ஷீட் (போலீஸ் கண்காணிப்புப் பதிவேடு) எப்போ, வேலை போனது எப்போ. ஷீட்டுக்கு முன்னாடியே வேலை போயிருந்தால் லெமர்ட் சொன்ன இரண்டாம் நிலைப் பிறழ்வு (முத்திரை விழுந்ததால் வரும் பிறழ்வு) என்று எழுத முடியாது. "வேலை விண்ணப்பத்தில் எந்த முகவரி கொடுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்க. சொந்தக்காரர் வீட்டு முகவரி என்று பதில் வந்தால் அதுவே தரவு.

இன்னொன்று, கொஞ்சம் எரிச்சலோடு சொல்றேன். வட சென்னைக் குற்றம் என்றால் எல்லோருக்கும் கத்தி பிடித்த பையன்தான் ஞாபகம் வர்றான். சதர்லாண்ட் 1949இல் 70 பெரிய கம்பெனிகளை எடுத்து, அவற்றுக்கு எதிரான 980 முடிவுகளை எண்ணினார். கிரிமினல் கோர்ட் மட்டுமில்லாமல், ஒழுங்குமுறை அமைப்புகள் தந்ததையும் சேர்த்து. எண்ணூர், மணலி பக்கமே இந்த வேலை கிடக்குது: 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது, கொசஸ்தலை ஆற்றில் நிலக்கரிச் சாம்பல். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவுகள் இணையத்தில் இருக்கு. ஆர்டிஐ வேண்டாம், ஒப்புதல் படிவம் வேண்டாம். நான்கு மாதத்தில் முடிகிற தலைப்பு அதுதான். வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்க.