பழகாத கம்பெனி டிராக்டருக்கு மாறியவர்கள் சொல்லுங்கள்

நீடாமங்கலம் பக்கம்

எங்கள் ஊரில் டிராக்டர் என்றால் மஹிந்திரா, மாஸி, ஸ்வராஜ், ஜான் டியர். இந்த நான்கைத் தாண்டி வேறு வண்டி கண்ணில் படுவதே அபூர்வம். என்னிடம் இருப்பதும் இதில் ஒன்றுதான். வயதாகிவிட்டது, களிமண்ணில் ரோட்டவேட்டர் (சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் கருவி) போட்டுச் சேறடிக்கும்போது திணறுகிறது. ஃபோர் வீல் டிரைவ் எடுக்கலாம் என்று விசாரித்தேன். ஊரில் யாரிடமும் இல்லாத ஒரு கம்பெனியின் டீலர் அதே குதிரைத்திறனுக்கு நன்றாக விலை குறைத்துச் சொல்கிறார். பெயரைப் போடவில்லை, போட்டால் பேச்சு எந்தக் கம்பெனி உசத்தி என்று போய்விடும். பழகாத வண்டிக்கு மாறியவர்களுக்கு வயலில் என்ன நடந்தது, அது மட்டும் தெரிந்தால் போதும். நாற்று தயாராக இருக்கும் நேரத்தில் வண்டி படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.

ஒரத்தநாடு பக்கம்

தம்பி, பெயர் புதிது என்பதற்காகப் பயப்படாதீர்கள். முதலில் அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று பாருங்கள். ஸ்வராஜ் 2007லிருந்தே மஹிந்திரா கைக்குள் இருக்கிறது. ஐச்சர் டிராக்டரை 2005இல் வாங்கியது மாஸி தயாரிக்கும் அதே சென்னை டாஃபே. ஃபார்ம்டிராக், பவர்டிராக் இரண்டும் எஸ்கார்ட்ஸ் வண்டிகள், அந்தக் கம்பெனியே 2022இல் எஸ்கார்ட்ஸ் குபோட்டா ஆகிவிட்டது. சோலிஸ் என்பது சோனாலிகாவும் ஜப்பான் யான்மாரும் சேர்ந்து தருவது. குபோட்டாவை நாம் டிராக்டராகப் பார்த்ததை விட நடவு இயந்திரமாகவும் பெல்ட் வைத்த அறுப்பு மெஷினாகவும்தான் அதிகம் பார்த்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் பழகாத பெயரில்தான் எடுத்தோம், என் பெயரிலேயே வண்டி. எங்களுடையது புதாற்று (கல்லணைக் கால்வாய்) பாசனம், மண்ணும் செம்மண் கலந்தது, உங்கள் பக்கம் போல இழுக்காது. இதுவரை பெரிய குறை இல்லை. டீலர் ஊருக்குள்ளேயே இருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மானியத்தையும் கேட்டுவிடுங்கள். மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, அதற்கும் உச்சவரம்பு உண்டு. நீங்கள் பார்க்கும் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். டீலர் "இருக்கும்" என்று சொல்வதை நம்பிக் கொடுக்காதீர்கள்.

மன்னார்குடி பக்கம்

நான் மாறியவன். எங்கள் பக்கமும் களிமண், தண்ணீர் கட்டினால் முழங்கால் இறங்கும். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் இது வண்டியின் குறை பற்றிய கதை இல்லை.

வண்டி நல்ல வண்டி. ஃபோர் வீல் டிரைவ் என்பதால் முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தது, பழைய வண்டி புதைந்து உறுமிய மூலைகளில் இது நிற்காமல் வந்தது. முதல் குறுவை, சம்பா இரண்டும் சிரமமே இல்லை. அடுத்த தாளடிக்கு (குறுவை அறுத்த பின் நடும் நெல் போகம்) சேறடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் கருவியைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது. ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்துவிட்டு இன்ஜினை அணைத்தால், டீ குடித்து வருவதற்குள் அது தானாகவே இறங்கிச் சேற்றில் உட்கார்ந்திருக்கும். பார்த்தவுடன் தெரிந்த விஷயம்தான், உள்ளே லிஃப்ட் பிஸ்டனில் ஓ ரிங் போய்விட்டது. அந்த ரப்பர் வளையம் பெரிய விலை கிடையாது. ஊரில் எல்லோரிடமும் இருக்கும் வண்டியாக இருந்தால் மன்னார்குடிக் கடையில் எடுத்து, தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்து, பொழுது சாய்வதற்குள் முடித்திருக்கலாம். இதற்கு எந்தக் கடையிலும் இல்லை. வண்டி விற்ற ஷோரூம் அதற்குள் மூடிக்கிடந்தது, பக்கத்து மாவட்ட டீலர் போனை எடுத்து "நாளைக்கு வந்துடும்" என்றார், அந்த நாளை வரவேயில்லை. கடைசியில் சென்னையில் ஒருவரைப் பிடித்துப் பார்சலில் வரவழைத்தோம். அதற்குள் நாற்று முற்றிக்கொண்டிருந்தது, மணி வாடகைக்கு வேறு வண்டி வைத்து உழுது முடித்தேன். விலையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அங்கேயே போனது. பணத்தை விட, உழுது தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பக்கத்து வயல்காரர்களிடம் போய் நின்றதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வண்டியை இன்னும் விற்கவில்லை, விற்கப்போவதும் இல்லை. வீட்டில் ஒரு டப்பாவில் ஓ ரிங் செட், ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், முன் ஆக்சில் சீல் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். முன் ஆக்சிலை முக்கியமாகச் சொல்கிறேன். ஃபோர் வீல் வண்டியைத் தொளியில் ஓட்டினால் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். அடியில் போல்ட்டைத் திறந்து பாருங்கள், ஆயில் மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் அடுத்த போகத்துக்கு ஓட்டினால் உள்ளே பேரிங், பல் சக்கரம் எல்லாம் போகும். இது எந்தக் கம்பெனி ஃபோர் வீலுக்கும் பொருந்தும்.

அதனால் டீலரிடம் விலை பேசும் முன், பழுது வந்தால் வயலுக்கு யார் வருவார், அவர் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேளுங்கள். அந்த ஆளை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே வேறு யாருடைய வண்டியாவது பிரித்துப் போட்டுக் கிடந்தால் அந்தச் சொந்தக்காரரிடம் பேசுங்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கம்

மன்னார்குடி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் கடைமடை. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் தண்ணீர் விட்டாலும் எங்களுக்கு வந்து சேரும்போது நாட்கள் போய்விடும். 2024இல் திறந்ததே ஜூலை 28. அந்த மாதிரி வருடத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு, வாடகை வண்டியும் கிடைக்காது. நாங்கள் பாதிக்கு மேல் நேரடி விதைப்பு, அதற்குக் காய்ந்த மண்ணில் ஓட்டும் புழுதி உழவுதான், பழகாத வண்டி என்றாலும் சமாளித்துக்கொள்ளலாம். முழுக்க நடவு செய்கிறவர் ஆள் பலம், மெக்கானிக் பலம் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

பாபநாசம் பக்கம்

நான் மெக்கானிக், வாடகைக்கும் ஓட்டுகிறேன். வண்டி பார்க்கப் போகும்போது ஏமாறாமல் இருக்கச் சில விஷயம்.

நோட்டீஸில் போட்டிருப்பது இன்ஜின் குதிரைத்திறன். ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. (வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டு) சக்தி, அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், எவ்வளவு குறைவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். அப்புறம், பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று வர இன்ஜின் எத்தனை சுற்று ஓட வேண்டும் என்று கேளுங்கள். சில வண்டி 1,500 பக்கத்திலேயே தந்துவிடும், சில வண்டியை 2,000க்கு மேல் முறுக்க வேண்டும். டீசல் கணக்கில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. டீலர் வாயால் சொல்வது வேண்டாம், மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசுச் சோதனை நிலையத்தின் அறிக்கையைக் கேளுங்கள். பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, லிஃப்ட் தூக்கும் எடை எல்லாம் அளந்து போட்டிருப்பார்கள்.

50 குதிரைத்திறனுக்கு மேல் போவதாக இருந்தால் நன்றாக யோசியுங்கள். 2023 ஜனவரியிலிருந்து அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் புகை விதி கடுமையாகிவிட்டது, அதனால் சென்சார், கம்ப்யூட்டர் என்று நிறைய வந்துவிட்டது. அதில் கோளாறு என்றால் எங்களைப் போன்ற ஊர் மெக்கானிக்கால் ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, கம்பெனி ஆள் ஸ்கேனரோடு வர வேண்டும். ஊரில் ஆள் இல்லாத கம்பெனியில் 50க்கு மேல் எடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே என்றால் தைரியமாகப் பார்க்கலாம்.

பழைய கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரம்) புது வண்டிக்குச் சேருமா என்றும் பாருங்கள். 13.6 டயருக்குச் செய்தது 14.9 டயருக்குச் சரியாக உட்காராது. ரோட்டவேட்டரை வண்டியோடு இணைக்கும் கிராஸ் ஷாஃப்ட் நீளமும் மாறலாம், டிப்பர் டிரெய்லரின் ஆயில் ஹோஸ் முனையும் மாறலாம். டெமோ என்று கோடையில் காய்ந்த தரிசில் ஓட்டிக் காட்டுவார்கள், அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். பம்ப்செட் தண்ணீர் கட்டி, உங்கள் ரோட்டவேட்டரை மாட்டி, உங்கள் டிரைவரை உட்கார வைத்து, வயலின் மோசமான மூலையில் ஓட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த டீலரை விட்டுவிடலாம்.

திருவையாறு பக்கம்

எல்லோரும் வாங்குவதையே பேசுகிறார்கள், விற்பதையும் பாருங்கள். பழகாத வண்டியை நான் கொடுக்கப் போனபோது புரோக்கர் எல்லோரும் விலையை அடித்துத்தான் கேட்டார்கள், வண்டி நல்ல நிலையில் இருந்தும். பத்து வருடம் வைத்து ஓட்டுகிறவருக்கு இது பெரிய இழப்பு இல்லை. நான்கைந்து வருடத்தில் மாற்றுகிறவருக்கு, வாங்கும்போது குறைந்தது விற்கும்போது போய்விடும். விலை கேட்கும்போது ஜி.எஸ்.டி.யையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அந்தக் குறைப்பைத் தன்னுடைய தள்ளுபடி என்று டீலர் சொன்னால், கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள்.