டயாலிசிஸ் செய்தாலே வரிசையில் பெயர் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்

கேள்வி (அக்காவின் தம்பி):
என் அக்காவுக்கு வயது 38. இரண்டேகால் வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் போய், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மதியம் திரும்புவாள். இளநீர்கூடக் குடிக்கக் கூடாத வெயில் பயணம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவள் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை என்று போன வாரம்தான் தெரிந்தது. முறை வந்தால் கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டோம். பக்கத்துக் கட்டில்காரர் வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, மனைவி கொடுத்து அறுவை முடிந்துவிட்டது. அவருடைய மகன் படித்தவன், முதல் மாதமே விசாரித்திருக்கிறான்.

மச்சானுக்கும் அக்காவுக்கும் ஓ பாசிட்டிவ். சம்பாதிக்கிற ஆள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. எனக்கு பி. நான் கொடுக்கலாமா? எங்கே பதிய வேண்டும்?

பதில் (மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்):
தம்பி, டயாலிசிஸ் மையம் வேறு, உறுப்பு மாற்று உரிமம் உள்ள மருத்துவமனை வேறு. அங்கே பரிசோதனை முடித்து, அவர்கள் மூலமாகத்தான் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிய முடியும். உங்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கம். முதல்வர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போங்கள். வரிசை பதிந்த நாளிலிருந்துதான். போன இரண்டேகால் வருடம் போனதுதான்.

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் இருக்கிறது என்று எனக்கு இரவு ஒரு மணிக்கு அழைப்பு வந்தது. எடுக்காமல் விட்டிருந்தால் அடுத்தவருக்குப் போயிருக்கும். நம் ஊர் சிக்னலை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. இரண்டு எண் கொடுங்கள்.

பதில்:
தரகர் யாராவது தேடி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம்.

பதில் (செவிலியர்):
உங்கள் பி வகை அக்காவுக்குச் சேராது. இரண்டு குடும்பங்கள் மாற்றிக் கொடுத்துக்கொள்ள 2011 சட்டத் திருத்தம் வழி செய்தது. ஆனால் ஓ நோயாளிக்கு அப்படி ஜோடி அமைவது அரிது. ஓ நோயாளிக்கு ஓ மட்டும்தான் சேரும், ஓ கொடையோ எல்லா வகைக்கும் சேரும் என்பதால், ஓ வகைக்காரர் பெரும்பாலும் தன் வீட்டு ஆளுக்கே நேரடியாகக் கொடுத்துவிடுவார்.

12 வருடமாக இந்தப் பிரிவில் இருக்கிறேன். கணவனுக்குக் கொடுக்க வந்த மனைவிகளுக்குக் கணக்கில்லை. மனைவிக்குக் கொடுக்க வந்த கணவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர், இன்றும் ஓட்டுகிறார். மச்சானை நெருக்காதீர்கள். ஆனால் அவரிடம் கேட்காமலேயே அவருக்காக நீங்கள் மறுத்துவிடாதீர்கள்.

அக்காவின் தம்பி:
நேற்றிரவு கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை நாள் மூட்டை தூக்கக் கூடாது?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வியாழக்கிழமை அக்காவுக்கு டயாலிசிஸ் இல்லை. மூன்று பேரும் மதுரைக்குப் போகிறோம்.