8,000 ரூபாயில் பிசிக்கு ஹெட்போன், டாக், ஆம்ப்: எதற்குக் காசு போடலாம்?

மேசைக்கணினி:
பிசியில் பாட்டு கேட்க, ராத்திரியில் வேலரண்ட் விளையாட, ரெண்டுக்கும் சேர்த்து 8,000 ரூபாய்தான் பட்ஜெட். இப்போது கேபினட் முன்பக்க ஜாக்கில் ஒரு சாதா இயர்போன். மவுஸை நகர்த்தினாலே 'கிர்ர்' என்று இரைச்சல், கேம் ஓடினால் இன்னும் அதிகம். கடைக்காரர் 7.1 (சுற்றிலும் இருந்து சத்தம் வருவது போல் காட்டும்) ஹெட்செட் எடுங்கள் என்கிறார், ஆபீஸ் நண்பரோ தனியாக டாக் (கணினியின் டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கான சிக்னலாக மாற்றும் கருவி), ஆம்ப் (அந்தச் சிக்னலைப் பெருக்கும் கருவி) இல்லாமல் பாட்டு கேட்பதே வேஸ்ட் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ஓம்_விதி:
ரெண்டு பேர் பேச்சும் வேண்டாம். முதலில் மதர்போர்டின் பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். முன்பக்கத்துக்குப் போகும் வயர் கேபினட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டை ஒட்டி ஓடும், பெரும்பாலும் இரைச்சலை இழுத்து வருவது அதுதான். அப்படியும் போகவில்லையா, ஆப்பிளின் டைப்-சி டாங்கிள் (ஹெட்போன் ஜாக் உள்ள குட்டி அடாப்டர், உள்ளேயே டாக் உண்டு) ஒன்று வாங்குங்கள், விண்டோஸிலும் வேலை செய்யும், அந்த விலைக்கு ரொம்ப சுத்தமான சத்தம். ஆம்ப் தேவையா என்பது ஹெட்போனைப் பொறுத்தது. 32 ஓம் (மின்தடை அளவு) பிலிப்ஸ் எஸ்எச்பி9500 மாதிரி ஒன்றுக்கு டாங்கிளே தாராளம். 250 ஓம் டிடி 990 ப்ரோ, 300 ஓம் எச்டி 600 என்று போனால்தான் ஆம்ப் பற்றி யோசிக்கணும், எச்டி 600 எல்லாம் உங்கள் பட்ஜெட் பக்கமே வராது.

ஹெட்ஷாட்_மாமா:
7.1 பற்றி ஒன்று சொல்லணும். யுஎஸ்பி ஹெட்செட்டில் பெரும்பாலும் காதுக்கு ஒரு டிரைவர் (குட்டி ஸ்பீக்கர்) தான், மிச்சம் எல்லாம் சாஃப்ட்வேர் வேலை. வேலரண்டிலேயே எச்ஆர்டிஎஃப் (சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஹெட்போனில் உணர்த்தும் வசதி) இருக்கிறது, அதை ஆன் செய்துவிட்டு விண்டோஸ் சோனிக் (விண்டோஸிலேயே வரும் அதே மாதிரி வசதி), 7.1 எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ரெண்டும் சேர்ந்து ஓடினால் எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்றே குழம்பும்.

ஃபேன்_ஸ்பீடு_5:
எஸ்எச்பி9500 நல்ல ஹெட்போன்தான், ஆனால் அது ஓப்பன் பேக் (வெளிப்பக்கம் திறந்திருக்கும்) வகை. நம்ம ஊரில் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் அறையில் அந்தச் சத்தம் அப்படியே உள்ளே வரும், குளோஸ்டு பேக் (வெளிப்பக்கம் மூடியது) போட்டாலோ அரை மணியில் காது வேர்த்துவிடும். இந்தக் காசுக்கு என் ஓட்டு ஐஇஎம் (காதுத் துளைக்குள் பொருந்தும் இயர்போன்) வகைக்குத்தான்: 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ, மூன்டிராப் சூ மாதிரி. ப்ளூடூத் மட்டும் வேண்டாம், சத்தம் தாமதமாக வரும், அதிலேயே மைக்கையும் போட்டால் பாட்டு பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும்.

மேசைக்கணினி:
பின்பக்கம் மாற்றியதும் மவுஸ் இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது! அப்போ டாங்கிள் வேண்டாமா? ஐஇஎம் எடுத்தால் மைக்குக்கு என்ன செய்வது?

ஓம்_விதி:
இரைச்சல் போய்விட்டது என்றால் டாங்கிள் அவசியமில்லை. மைக் வைத்த ஐஇஎம் வாங்கினால் மட்டும் கவனம், அந்த ஒற்றைப் பின்னைப் பச்சை ஜாக்கில் செருகினால் மைக் எடுக்காது, ஹெட்போனையும் மைக்கையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டும். மிச்சக் காசில் தனி யுஎஸ்பி மைக் எடுப்பது இன்னும் நல்லது. பேஸ் (தாழ்ந்த ஒலி) கூடக் குறைய இருந்தால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற சத்தம் சரிசெய்யும் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான்.