மறு: விழிப்புக் கலக்கம் – கலைச்சொல் முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழும்போது திரையில் தோன்றும் கோளாறை நாம் எழுதிவரும் கணினி வழிகாட்டியில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்குத் திரைப் பழுது, திரை வழு, கிளிட்ச் (glitch) என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம். ‘விழிப்புக் கலக்கம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மூடியைத் திறக்கிறோம். கடவுச்சொல் கேட்கும் பக்கம் வரவேண்டிய இடத்தில் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கோடுகள். நடுவே, உறங்கப்போகுமுன் திறந்திருந்த பக்கத்தின் எழுத்துத் துணுக்குகள் கட்டம் கட்டமாக இடம் மாறிக் கிடக்கின்றன. அதன்மேல் சுட்டி மட்டும் சிதையாமல் நகர்கிறது. இந்தக் கடைசி விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான கணினிகளில் சுட்டியின் படத்தை, திரைக்காட்சியை உருவாக்கும் வரைகலைச் சில்லு தனி அடுக்காக மேலே வைக்கிறது. சுட்டி தெளிவாக இருக்கிறதென்றால், திரைப்பலகையும் அதற்குப் போகும் கம்பியும் நலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

‘பழுது’ வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம். பழுது என்றதும் எதையோ கழற்றி மாற்றவேண்டும் என்றுதான் மனம் போகும். வழிகாட்டியில் ‘திரைப் பழுது’ என்று படித்தவர் புதுத்திரைக்கு விலை கேட்கத் தொடங்கிவிடுவார். வரைகலைச் சில்லை இயக்கும் மென்பொருளான இயக்கியைப் (driver) புதுப்பித்தால் தீர்ந்திருக்கும் சிக்கலுக்கு அவர் கைப்பணம் போகும். நாம் வைக்கும் சொல்லால் அப்படி நேரக் கூடாது.

‘வழு’ நல்ல சொல். இலக்கணத்திலிருந்து எடுத்து, கணினி நிரலில் நேரும் பிழைக்கு (bug) வைத்தோம், வழுநீக்கம் என்று வளர்ந்து நிலைத்தும்விட்டது. ஆனால் வழு இருப்பது நிரலில். இங்கே பெயர் வேண்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும் விளைவுக்கு, அதற்குக் காரணங்களோ பல.

கணினியின் மின்சாரப் பயன்பாட்டை இயங்குதளம் கட்டுப்படுத்துவதற்காக 1996 இல் வெளியான ஏசிபிஐ (ACPI) வரையறை எஸ்1 முதல் எஸ்4 வரை உறக்க நிலைகளை வகுத்தது. மடிக்கணினிகளில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது எஸ்3. அந்த நிலையில் முதன்மை நினைவகத்துக்கு மின்சாரம் இருக்கும், மையச் செயலியும் (CPU) வரைகலைச் சில்லும் அணைந்துவிடும். வரைகலை அட்டைக்குத் தனி நினைவகம் இருந்தால், அதிலிருப்பதை உறங்குமுன் முதன்மை நினைவகத்துக்கு மாற்றி, எழுந்ததும் திரும்ப வைக்கவேண்டும். அந்த வேலை அரைகுறையாக நடந்தால் பழைய துணுக்குகள் திரையில் சிதறும். வேறொரு சிக்கலும் உண்டு. விழித்தவுடன் சில்லும் திரைப்பலகையும் தமக்குள் எந்த வேகத்தில் தரவு அனுப்புவது என்று புதிதாக ஒத்துக்கொள்ளவேண்டும். அது கைகூடாவிட்டால் திரை மினுங்கும் அல்லது கறுத்தே நிற்கும். தளர்ந்த கம்பியாலும் இது வரும். இன்னும் சில மடிக்கணினிகளில், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடைசிப் படத்தைத் திரைப்பலகையே தன் நினைவில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஏற்பாட்டிலிருந்து வெளிவருவதில் பிசகினால் பழைய படம் உறைந்துபோகும்.

இவற்றில் எது நடந்தது என்று தெரியாமல்தான் ஒருவர் வழிகாட்டியைத் திறக்கிறார். அவரிடம் முதல் வரியிலேயே ‘வழு’ என்று சொல்வது, விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதுவதாகும்.

கிளிட்ச் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிபெயர்ப்பின்மேல் எனக்குப் பகை கிடையாது. பேட்டரி, பிக்சல் என்றே நானும் எழுதுகிறேன். ஆனால் கிளிட்சிலிருந்து வினை பிறக்காது. ‘கிளிட்ச் ஆகிறது’ என்று ஒவ்வொரு முறையும் ஒரு துணைவினையை முட்டுக்கொடுக்க வேண்டும்.

கலக்கத்துக்கு அந்தக் குறை இல்லை. திரை கலங்குகிறது, கலங்கிய திரை, கலங்காமல் எழுந்தது என்று எந்தப் பக்கமும் வளைகிறது. தீர்ந்ததைச் சொல்லத் ‘தெளிந்தது’ என்ற எதிர்ச்சொல்லும் கூடவே வருகிறது. தூக்கக் கலக்கம் என்று எல்லோரும் நாள்தோறும் சொல்கிறோம். ஆள் நலம், எழுந்த சற்று நேரத்துக்குப் பார்வை மட்டும் தெளியவில்லை என்பதுதானே அதன் பொருள்? நமக்கு வேண்டியதும் அதுவே. ‘உறக்கக் கலக்கம்’ என்று வைத்தால் உறங்கும்போதே கலங்குவதாகப் பொருள்படக்கூடும் என்பதால் விழிப்பை முன்னால் வைத்தேன்.

கலக்கம் என்றால் மனக்கலக்கம் நினைவுக்கு வராதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தனியே நின்றால் வரும். விழிப்பு, திரை போன்ற அடைமொழி முன்னே நிற்கும்போது அந்த ஐயம் எழாது. உறக்கத்தோடு தொடர்பில்லாத மற்றத் திரைச் சிதைவுகளுக்குத் ‘திரைக்கலக்கம்’ என்று பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம்.

சொல் நடையில் ஓடுகிறதா என்று பார்க்க, வழிகாட்டியின் ஒரு பத்தியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“விழிப்புக் கலக்கம் ஏற்பட்டால் முதலில் திரைப்பிடிப்பு (screenshot) எடுத்து, அதை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். படமும் கலங்கியிருந்தால், திரைப்பலகைக்குப் போகும் முன்பே காட்சி சிதைந்துவிட்டது. வரைகலை நினைவகத்தையும் இயக்கியையும் ஐயுறலாம். படம் தெளிவாக இருந்தால் சிக்கல் அதற்கு அப்பால், திரைக்குப் போகும் வழியில் இருக்கலாம். வெளித்திரை ஒன்றை இணைத்து, அதுவும் கலங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வரைகலை இயக்கி மீள்தொடக்கம் பெறும். அதில் திரை தெளிந்துவிட்டால், மாற்றவேண்டிய பொருள் எதுவும் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.”

வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. 2012 இல் விண்டோஸ் 8 உடன் வந்த உறக்க முறையில் கணினி முழுதாக அணைவதில்லை. திரை இருண்டிருக்கும், உள்ளே இணையத் தொடர்பு விழித்திருக்கும். அதற்கு ‘அறிதுயில்’ என்ற சொல் அழகாகப் பொருந்தும் என்பது என் ஆசை. திருமாலின் துயிலுக்கு மரபில் வழங்குவது, உறங்கியும் உணர்வோடிருக்கும் நிலை. ஆனால் உளவியலில் ஹிப்னாடிசத்துக்கு அதே சொல்லை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். துறை வேறென்பதால் ஏற்கலாமா, இரட்டைப் பொருள் தொல்லை தருமா என்று மூத்தவர்கள் சொல்லவேண்டும்.

மறுப்பு இல்லையென்றால் விழிப்புக் கலக்கம், திரைக்கலக்கம் இரண்டையும் வழிகாட்டி வரைவில் சேர்த்துவிடுகிறேன். திரை விட்டுவிட்டு ஒளிர்வதற்கு ‘மினுக்கம்’ என்றே எழுதியிருக்கிறேன். ‘சிமிட்டல்’ என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், மாற்ற அணியமாக இருக்கிறேன்.