வெயிலில் அப்பாவின் இரத்த அழுத்தம் இறங்குகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மலேசியா, சுங்கை சிப்புட் உறவுகளுக்கு வணக்கம். அப்பாவுக்கு வயது 71, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். காலையில் 138/84 காட்டும் கருவி, செம்பனைக் காட்டோரம் ஆட்டுக்குத் தழை அறுத்துவிட்டு வந்தால் 96/58 காட்டுகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது.

வெப்பத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், வியர்வையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து உடலில் நீரை வற்றவைக்கும், இதயம் வேகமாக அடிக்கும் என்பதெல்லாம் தெரியும். மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது என்பதும் தெரியும்.

அரசாங்க கிளினிக்கில் அடுத்த தவணை இரண்டு மாதம் கழித்துத்தான். தவணைக்கு முன்பே போய் மருந்தளவை மாற்றி வாங்கியவர்கள் உண்டா? வீட்டில் எழுதிவைத்த அளவுகளைக் காட்டினால் பார்ப்பார்களா? இன்னொன்று, "வெயில் எனக்குப் புதிதா?" என்று கேட்கும் மனிதரை மதியத்தில் வீட்டில் உட்காரவைக்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.